பொன்னாச்சி தாய்வீடு போனாள்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில், ஊரே பல் துலக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பொன்னாச்சி ஆறு படுகையிலிருந்து எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, படித்துறையில் ஒவ்வொரு படியாக ஏறி, கடைத்தெரு வழியாக மலையைப் பார்த்துப் போய்விட்டது. அதைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட ஐயோ என்றோ அம்மா என்றோ வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் முதல் நாள்தான் அவளுக்கு வளைகாப்பு நடந்திருந்தது, வளைகாப்பு முடிந்த பெண் தாய்வீட்டுக்குப் போகாமல் வேறு எங்கே போவாள்.

பொன்னாச்சிக் கரை ஊர்களில் ஆடிப் பதினெட்டன்று ஆற்றை மசக்கைக்காரியாக நினைத்துப் புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் தேங்காய்ச்சோறும் படைத்து, காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வீடு திரும்புவது வழக்கம், அத்தோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ஆனால் கீரனேரி ஆற்றுத் திருவிழாக் கமிட்டித் தலைவர் ஆளவந்தாருக்கு வயிற்றெரிச்சல். கீழே இருக்கும் நடுவூர்க்காரர்கள், சாயப்பட்டறை வைத்துக்கொண்டு ஆற்றைத் திங்கட்கிழமை சிவப்பாகவும் செவ்வாய்க்கிழமை நீலமாகவும் ஓடவிடுகிறவர்கள், போன ஆடிக்குச் செண்டைமேளம் இறக்கிப் பெயர் வாங்கிவிட்டார்கள். தலைமடை ஊர் நாம், முதல் மதகு நம்முடையது, முதல் தண்ணீர் நம்முடையது, பெயர் மட்டும் அவனுக்கா என்று வருஷம் பூராவும் பொருமிய ஆளவந்தார், இந்த ஆடிக்குப் பொன்னாச்சிக்கு முழு வளைகாப்பே நடத்திவிட்டார். பந்தல் என்ன, பிளக்ஸ் என்ன, மேலே வண்டாகச் சுற்றிய டிரோன் கேமரா என்ன, சுமங்கலிகள் வரிசையில் வந்து தண்ணீருக்குச் சந்தனம் பூசி, கண்ணாடி வளையலைக் கூடை கூடையாகப் போட்டு, நலங்கு பாடி, கடைசியில் ஆரத்தியும் எடுத்துவிட்டார்கள்.

"ஏங்க, வளைகாப்பு போட்டா பொண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பணுமேங்க" என்று அவர் மனைவி விசாலம் பந்தலிலேயே காதோடு கேட்டாள்.

"சும்மா இருடி, போட்டோ எடுக்கிறாங்க" என்றார் ஆளவந்தார், பல்லைக் காட்டியபடியே.

விசாலம் போட்டோவுக்கு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவள் மனசில் இருந்தது வேறு வளைகாப்பு. அவர்களுடைய ஒரே மகள் தேன்மலர் ஏழு மாதக் கர்ப்பிணி, ஆற்றின் கடைசி ஊரான உப்பளாங்குடியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். கடைமடைக்காரனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டவள் அவள். தண்ணி எட்டிப் பார்க்காத ஊருக்கா என் பொண்ணு என்று குதித்த ஆளவந்தார், அந்த ஊரின் மண்ணை மிதிப்பதில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தார். அந்த ஊருக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்காததற்குப் பாதிக் காரணம் தன்னுடைய வாழைத்தோப்பு மோட்டார் என்பது அவருக்குத் தெரியாததல்ல, ஆனால் அதை அவர் இதோடு சேர்த்து யோசித்ததில்லை.

பொன்னாச்சி போன அன்று கடைத்தெருவே வழியனுப்பி வைத்தது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் புள்ளியை அழித்து வழிவிட்டு, குங்குமச் சிமிழை எடுத்துவந்து அலைக்கு அலை பொட்டு வைத்தார்கள். மலைப்பாதையில் குமட்டும் என்று டீக்கடைக்காரர் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார், அதை அவள் சுழிக்குள் முடிந்துகொண்டாள். நடக்கும்போது உள்ளே வளையல்கள் கலகலவென்று குலுங்கின, கெண்டை மீன்கள் எட்டி எட்டி வேடிக்கை பார்த்தன, இரண்டு வாத்துகள் என்ன ஏதென்று புரியாமலே கூடப் போயின. மலைக்குப் போகும் பஸ் ஓரங்கட்டி நின்றது, மீனுக்கெல்லாம் லக்கேஜ் போடணும் என்று கண்டக்டர் கொஞ்ச நேரம் வம்பு பண்ணிவிட்டு, பிள்ளைத்தாய்ச்சியிடம் என்ன பேச்சு என்று டிரைவர் அதட்டியதும் அடங்கினார்.

முதல் வாரம் எல்லோரும் அதைச் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டார்கள். காய்ந்த படுகையில் வாரச்சந்தை இறங்கியது, கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல் போட இடம் கேட்டார்கள், திருட்டு மணல் அள்ளும் லாரிகள் பகலிலேயே தைரியமாக இறங்கின. இறங்கிய லாரிகள் ஏறவில்லை. மணல் முழுக்க உடைந்த வளையல், டயர் எல்லாம் பஞ்சர். சுமங்கலிகளின் கைபட்ட வளையல் என்பதால் அதைக் கூட்டித் தள்ளவும் பயந்து, டிரைவர்கள் லாரியடியில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். அப்புறம் மெதுவாகக் கிணறுகள் கீழே போயின, நடுவூரில் சாயம் தோய்க்கத் தண்ணீர் இல்லாமல் சேலைகள் எல்லாம் வெள்ளையாகவே நின்றன, கீரனேரியில் வாழை இலைகள் ஒவ்வொன்றாக மடங்கித் தொங்கின. ஆளவந்தார் தோப்புக்குள் நின்று கையைப் பிசைந்தார்.

அதற்குப் பிறகு ஊர் அவரைச் சும்மா விடவில்லை. "பிரசவம் ஆகி, தீட்டு கழிஞ்சு, அஞ்சாம் மாசம்தானே புருஷன் வீட்டுக்கு வருவா? அதுவரைக்கும் என் வாழை என்ன பண்ணும்?" என்று கமிட்டிச் செயலாளர் பஞ்சநாதன் கூட்டத்தில் கையை நீட்டிக் கேட்டார். "நடத்துனது நீங்க. நீங்களே போயி அழைச்சிட்டு வாங்க."

அழைத்து வருவதென்றால் முறைப்படி அழைக்க வேண்டும். பூ, பழம், அல்வா, பட்டுச்சேலை எல்லாம் தாம்பாளங்களில் அடுக்கி, ஆளவந்தாரும் பஞ்சநாதனும் நடுவூர்ச் சாயப்பட்டறை சின்னராசுவும் வேன் பிடித்து மலைமேல் தேன்கொம்பைக்குப் போனார்கள். பட்டுச்சேலை ஆற்றுக்குப் போதுமா என்று வழியெல்லாம் ஒரு விவாதம் நடந்தது, அகலம் போதும் நீளந்தான் இடிக்கும் என்று சின்னராசு தொழில் தெரிந்தவராகச் சொன்னார்.

தேன்கொம்பை, பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள சிற்றூர். பொன்னாச்சியின் ஊற்று அங்கே கொம்பாயி என்பவளின் வீட்டுக் கொல்லையில், பாத்திரம் விளக்கும் கல்லுக்கு அடியில் பிறக்கிறது, அதனால் பெற்றவள் என்ற பொறுப்பைக் கொம்பாயி யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டிருந்தாள். முழு ஆறும் அவளுடைய கேழ்வரகு வயலில் சுருண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஊர்ச்சனம் மாற்றி மாற்றி விசிறிக்கொண்டிருந்தது. கொம்பாயிக்கு வயசு நாற்பதுதான் இருக்கும், ஆனால் பெண்வீட்டுக்காரியின் முறைப்பு அத்தனையும் முகத்தில் இருந்தது.

"வாங்க சம்பந்தி" என்றாள் ஆளவந்தாரைப் பார்த்து. தாம்பாளத்தைப் பார்க்கவே இல்லை. "எம்புள்ளைய எப்படி அனுப்பிவச்சேன், எப்படித் திருப்பி அனுப்பியிருக்கீங்க? வந்த அன்னிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினோம். நாலு தரம் தேச்சும் நீலம் போகல. வயித்துலேருந்து என்னென்ன வந்துச்சுன்னு பாக்கிறீங்களா?"

பார்க்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை, ஆனாலும் அவள் காட்டினாள். செருப்பு, தெர்மாகோல், தலையணை, ஒரு முழு ஸ்கூட்டர், போன தேர்தலின் கொடிகள், அதற்கு முந்தின தேர்தலின் கொடிகள். கடைசியாக, மோட்டார் குழாயின் நுனியில் மாட்டுகிற இரும்பு புட்வால்வு ஒன்றை எடுத்துவந்து நடுவில் வைத்தாள். "இது மூக்குல சொருகியிருந்துச்சு. புள்ளைக்கு மூச்சே விட முடியல."

அதில் 'கீ. ஆளவந்தார்' என்று அழகாகப் பெயர் வெட்டியிருந்தது. வீட்டில் இருக்கும் எல்லாச் சாமானிலும் பெயர் வெட்டி வைப்பது அவர் வழக்கம், டம்ளரிலிருந்து எருமுட்டைக் கூடைவரை விட்டதில்லை. பஞ்சநாதன் மலையைப் பார்த்தார், சின்னராசு செருப்பைப் பார்த்தார், ஆளவந்தார் முகத்தில் ஈயாடவில்லை.

"சரி, அத விடுங்க" என்றாள் கொம்பாயி, விடாத குரலில். "புள்ளைய அழைக்க வந்திருக்கீங்க. நீங்க தலைமடை, இவரு நடுமடை. கடைசி ஊர்க்காரங்க எங்க?"

"அவங்களைக் கூப்பிடலீங்க" என்றார் பஞ்சநாதன். "அவங்களுக்கு எதுக்கு? அங்கெல்லாம் தண்ணி போறதே கிடையாதே."

வயலில் படுத்திருந்த ஆறு புரண்டு படுத்தது, மூன்று பேருக்கும் முழங்கால்வரை வேட்டி நனைந்தது.

"அவங்க வரணும்" என்றாள் கொம்பாயி. "எந்த வீட்டுல எம்புள்ள இன்னும் கால் வைக்கலியோ அந்த வீட்டுக்காரங்க வந்து கூப்பிடணும். இல்லேன்னா அவ இங்கயே இருந்துக்கட்டும். கேழ்வரகு போனா போகுது, மீன் வளர்த்துக்கிறோம்."

உப்பளாங்குடிக்குப் போய் அழைக்க ஆளவந்தாரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள். பெண்ணைக் கொடுத்த ஊர் ஆயிற்றே என்று பஞ்சநாதன் கூசாமல் சொன்னார். சத்தியம் ஒரு பக்கம் இழுக்க, தொங்கும் வாழை இலை இன்னொரு பக்கம் இழுக்க, ஆளவந்தார் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஆற்றுப் படுகையிலேயே இறங்கிக் கிளம்பினார், அதுதான் குறுக்குவழி. அந்த ஆற்றை மேலே நின்று உறிஞ்சியிருக்கிறாரே தவிர, அதன் போக்கில் கீழே போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நடுவூர் தாண்டியதும் மணல் ஊதா நிறமாயிற்று. அதற்கும் கீழே கருவேலம் மண்டிக் கிடந்தது. அதற்கும் கீழே படுகையில் வெள்ளரி போட்டு, அதுவும் காய்ந்து, காய்ந்த கொடியில் ஆடுகள் மேய்ந்தன. பாதி வழியில் மொபெட் மணலில் புதைந்தது, மீதி வழி முழுவதும் அதைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

உப்பளாங்குடி விவசாயிகள் சங்கத் தலைவி ஜெபமாலை, வாத்து மேய்க்கும் கோலோடு கரையில் நின்றிருந்தாள். வாத்துகள் புழுதியில் நீச்சலடித்துப் பழகியிருந்தன.

ஆளவந்தார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வரும்போதே மனப்பாடம் பண்ணிவைத்ததைச் சொன்னார். "அம்மா, நான் கீரனேரியிலிருந்து வர்றேன். ஒரு கெட்ட சேதி. நம்ம பொன்னாச்சி ஆறு போயிருச்சு."

ஜெபமாலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போயிருச்சா?" என்றாள். "எப்பங்க வந்துச்சு?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்டாள். சுற்றி நின்றவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். ஆறு போய் ஒரு மாதமாகப் போகிறது, மேலே இரண்டு ஊர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறது, இங்கே ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆளவந்தாருக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் தண்ணீர் லாரிக்குப் பின்னால் நிற்கும் வரிசையில், இடுப்பில் குடத்தை வைக்க முடியாமல் தலையில் வைத்துக்கொண்டு, தன் மகள் நிற்பதை அவர் பார்த்தார்.

தேன்மலர் அழவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போய், அந்தக் குடத்திலிருந்தே ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். குடிக்கும்போது அவள் கையை அவர் பார்த்தார். கையில் ஒரு வளையல்கூட இல்லை.

"ஆத்துக்கு வளைகாப்பு நடத்துனீங்களாமே. அம்மா போட்டோ அனுப்புச்சு" என்றாள். "நல்லா இருந்துச்சுப்பா."

ஆளவந்தார் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஒரு பெரிய மனுஷன் இப்படித் தேம்பித் தேம்பி அழுவதை உப்பளாங்குடி பார்த்ததில்லை, வாத்துகள்கூட எட்டிப் பார்த்தன. "உனக்கும் போடறேன் கண்ணு. நாளைக்கே போடறேன். ஊரையே கூட்டிப் போடறேன்."

"வேணாம்பா" என்றாள் தேன்மலர். "ஊருக்குப் பந்தி போட்டா கை கழுவ எங்க போவாங்க? முதல்ல இங்க தண்ணி வரட்டும். அப்புறம் வளையல் போட்டுக்கிறேன். வரலேன்னா வேணாம்."

சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஆளவந்தாருக்கே தெரியும். அன்றிலிருந்து வாழை அவர் மனசில் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

ஜெபமாலையும் சங்கத்தாரும் வாத்து முட்டையும் உப்புக்கண்டமும் சீராக எடுத்துக்கொண்டு மலை ஏறினார்கள். கொம்பாயி அவர்களை வாசலுக்கே வந்து அழைத்தாள். பிறகு மூன்று ஊரும் கேழ்வரகு வயலின் வரப்பில் உட்கார்ந்து பேசின, பேசின, ஆவணி முடியும்வரை பேசின. சாயத் தண்ணீரைத் தொட்டி கட்டிச் சுத்தம் பண்ணி, அதில் மீன் உயிரோடு இருந்தால்தான் ஆற்றில் விட வேண்டும் என்றாள் கொம்பாயி. மீனுக்கு நீச்சல் தெரியாமல் செத்தால் நான் என்ன பண்ணுவேன் என்றார் சின்னராசு. மூன்று நாள் யாரும் அவரோடு பேசாமல் இருந்ததும் ஒத்துக்கொண்டார். மணலைத் தொடக்கூடாது என்றதற்கு மறுப்பே இல்லை, லாரிகள்தான் இன்னும் எழவில்லையே. தண்ணீரை யார் முதலில் எடுப்பது என்ற இடத்தில்தான் பேச்சு குத்தவைத்து உட்கார்ந்துகொண்டது. தலைமடைக்குப் பிறகுதான் கடைமடை, அதுதான் காலங்காலமாக முறை என்று பஞ்சநாதன் துண்டை உதறி உதறித் தோளில் போட்டார்.

ஆளவந்தார் எழுந்தார். "எல்லா விருந்துலயும் நாமதான் முதல் பந்தி" என்றார். "கடைசிப் பந்திக்கு ரசம்கூட மிஞ்சுறதில்ல. இந்தத் தடவை அவங்க முதல்ல உக்காரட்டும்யா. உப்பளாங்குடி நனைஞ்ச பிறகு நடுவூரு, அப்புறம் நாம. என் மோட்டாரை நானே கழட்டிடறேன்."

"உமக்குப் பைத்தியமா?" என்று பஞ்சநாதன் பாய்ந்தார். "உம்ம வாழை?"

"போகட்டும்யா. பொண்ணு முக்கியம்."

எந்தப் பொண்ணு என்று யாரும் கேட்கவில்லை, கேட்பதற்குள் வயலில் பொன்னாச்சி ஓவென்று ஒரு சத்தம் போட்டாள். வலி கண்டுவிட்டது. "ஆம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்று கொம்பாயி கத்தினாள். மூன்று ஊர்ப் பெரியவர்களும் வரிசையாகப் பலாமரங்களைப் பார்த்துத் திரும்பி நின்று, நகத்தைக் கடித்துக்கொண்டு, எத்தனை பலாக்காய் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் பின்னாலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், பொன்னாச்சி களைத்துப் போய் மினுமினுத்துக்கொண்டு கிடந்தாள், பக்கத்தில் கணுக்கால் ஆழத்துக்கு ஒரு குட்டி ஓடை, கண்ணாடியாய்த் தெளிந்து, கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. யார் தூக்கினாலும் மடியை நனைத்தது. கூடையில் கிடத்தினால் ஒழுகியது, அதனால் அண்டாவில் போட்டுத் தாலாட்டினார்கள்.

புரட்டாசியில் பொன்னாச்சி பிள்ளையோடு இறங்கி வந்தாள். கீரனேரிப் படித்துறையில் ஊரே ஆரத்தித் தட்டோடு நின்றது, ஆனால் பேசிய பேச்சு பேச்சு, அவள் நிற்கவில்லை. ஆளவந்தாரின் தோப்பு ஓரமாக, மடங்கிக் கிடக்கும் வாழைகளைத் தொட்டுவிடும் தூரத்தில், தளும்பித் தளும்பிப் போனாள். ஒரே ஒரு வாய்க்கால், ஒரே ஒரு மண்வெட்டி வீச்சு, கேட்பாரில்லை. அவர் இரண்டு கையையும் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு, அவள் முழுவதுமாகக் கடந்துபோகும்வரை நின்றார். அந்த வருஷ வாழையில் பாதி போயிற்று. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

உப்பளாங்குடிக்குத் தண்ணீர் வந்த அன்று வாத்துகள் முதலில் பயந்து மரத்தில் ஏறிக்கொண்டன. ஜெபமாலை கோலால் தட்டித் தட்டி இறக்கினாள். பெரியவர்கள் தண்ணீரில் கையை வைத்து எடுத்து, கையை முகர்ந்து பார்த்து, மறுபடி வைத்தார்கள். தேன்மலருக்கு ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு நடந்தது, பிளக்ஸ் இல்லை, டிரோன் இல்லை, பந்திக்கு உட்கார்ந்த ஊர் முழுக்க ஆற்றில் கை கழுவியது. முறைப்படி தாய்வீட்டுக்குக் கிளம்பச் சொன்னபோது, தண்ணி வந்திருக்கிற ஊரை விட்டுட்டு நான் எதுக்கு வரணும் என்று தேன்மலர் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் தாய்வீடு அங்கே வந்தது, விசாலம் மூட்டை முடிச்சோடு வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டாள், ஆளவந்தார் கயிற்றுக்கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் மத்தியானம் பஞ்சநாதனிடமிருந்து போன் வந்தது. தோப்பில் நின்று கத்துகிறார் என்று தெரிந்தது. "என்னய்யா நடக்குது அங்க? நடுவூரு முறை முடிஞ்சு நம்ம முறை வந்து ரெண்டு நாளாச்சு! அம்மாக்காரி வந்து நிக்கிறா, ஆனா மதகுக்குள்ள இறங்க மாட்டேங்கிறா, திரும்பித் திரும்பி உங்க பக்கமே பாக்கிறா! பிடிச்சு வச்சுக்கிட்டீங்களா? கடைமடைக்காரனா மாறிட்டீரா?"

ஆளவந்தார் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கட்டிலிலிருந்து மெல்ல எழுந்து, நுனிக்காலில் நடந்து, ஊரின் கடைசி வயல்வரை போய்ப் பார்த்தார். அதற்கு அப்பால் உப்பு மண், அதற்கு அப்பால் கடல். யாருடைய தாத்தா காலத்திலும் நனையாத அந்த மூலையில், வெடிப்பெல்லாம் நிரம்பி, குட்டி ஓடை குப்புறப் படுத்துக் கிடந்தது, வாயோரம் ஒரு நுரைக்குமிழி ஏறி ஏறி இறங்கியது. சுற்றி ஜெபமாலையும் இன்னும் நாலைந்து பேரும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளவந்தாரைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்தார்கள்.

அவர் போனை வாயருகே கொண்டுபோனார்.

"கத்தாதீரய்யா" என்றார் ரகசியக் குரலில். "புள்ள தூங்குது. எழுந்ததும் அனுப்பி வைக்கிறோம்."